ஒட்டுக்குக் கீழே துளிர்த்தது

இன்று காலை மாடியில் துணி உலர்த்தும்போது கையில் முள் கீறியது. திரும்பிப் பார்த்தால், உனக்குத் தெரிந்த அந்தச் செடியில் சிவப்பாய்க் காய்கள். சுண்டைக்காயைவிடச் சிறியவை, கொத்துக் கொத்தாய். ஒன்றைக் கிள்ளி நகத்தால் பிளந்தேன். உள்ளே விதையும் சுணையும், லேசான புளிப்பு வாசனையும். உனக்குப் படம் அனுப்பப் போனை எடுத்த பிறகுதான், நீ கண்ணை மூடி எட்டு மாதம் ஆகிவிட்டது என்பது உறைத்தது. அதனால் எழுதுகிறேன்.

ரோஜா காய்க்கும் என்பதே எனக்குத் தெரியாது. ஸ்ரீரங்கத்து வீடுகளில் பூவை யார் செடியில் விட்டுவைக்கிறார்கள்? விரிந்த அன்றே பெருமாள் படத்துக்கோ தலைக்கோ போய்விடும். என் வீட்டுக்காரர் வாங்கிய செடியும் அப்படித்தான் இருந்தது. நர்சரியிலிருந்து காவிரிப் பாலம் தாண்டும்வரை ஸ்கூட்டரில் நான் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்த ஒட்டு ரோஜா. அடர்சிவப்பு. காலையில் ஒன்றைப் பறித்துவந்து, "மேடம், டெலிவரி" என்று காபிக்குப் பக்கத்தில் வைப்பார்.

அவர் இறந்த பிறகு நான் மாடிப்படி ஏறவில்லை. ஆபீசுக்கும் போகவில்லை. செடி காய்ந்து குச்சியானது. காலேஜ் நாளிலிருந்து என்னை அதட்டியே பழகிய நீ, அப்போது மட்டும் அதட்டவில்லை. ஞாயிறுதோறும் திருவானைக்காவலிலிருந்து வந்து ரசம் வைத்து, என்னோடு சாப்பிட்டுவிட்டுப் போவாய்.

ஒரு மழைக்குப் பிறகு கொடியில் மறந்த போர்வையை எடுக்க ஏறினேன். செடியின் அடியில் பச்சையாய் ஒரு துளிர். அவருடைய செடி பிழைத்துவிட்டது என்று ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். மறுநாளிலிருந்து விடியும்போதே எழுந்தேன். தண்ணீர், வெங்காயத்தோல், வடிகட்டிய டீத்தூள். அந்த வாரம்தான் ஆபீசுக்கும் திரும்பினேன்.

அடுத்த ஞாயிறு உன்னை மாடிக்கு இழுத்துப் போனேன். உன் வீட்டு ரோஜாக்களைக் கவாத்து செய்யும் கத்தரி எப்போதும் உன் பையில் இருக்கும். அதை எடுத்தாய். குனிந்து தண்டைத் தடவினாய். இலைகளை எண்ணினாய். பிறகு என் முகத்தைப் பார்த்தாய்.

"என்னடி, எங்க வெட்டணும்?" என்றேன்.

"ஒண்ணும் வெட்ட வேண்டாம். தண்ணிய கொஞ்சம் குறை. செடிய நீச்சலடிக்க விட்டிருக்கே."

கத்தரி பைக்குள் போனது.

மறு வருடம் பூத்தது. சிவப்பில்லை. ஐந்தே இதழ், வெளிறிய வெள்ளை, தொட்டால் உதிர்ந்தது. ஒட்டு ரோஜாவுக்கு வேர் காட்டு ரோஜாவுடையது, ஒட்டுக்குக் கீழே துளிர்ப்பதை உடனே வெட்டிவிட வேண்டும் என்று யூடியூபில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அவருடைய சிவப்பு ரோஜா என்றோ செத்துவிட்டது. உனக்குப் போன் செய்து கத்தினேன்.

"உனக்கு அன்னிக்கே தெரியுமா?"

"தெரியும். ஏழேழு இலையா இருந்துச்சு. பழசுல அஞ்சுதான்."

"ஏன்டி சொல்லல? பைத்தியம் மாதிரி தினம் அதுகிட்ட பேசிக்கிட்டிருந்தேன்!"

"பேசினே. காலையில எழுந்தே. தலை வாரிக்கிட்டே. இதுல எதடி வெட்டச் சொல்றே?"

பிறகு நீயே சொன்னாய்: "அந்த வேரும் அவரு வாங்கினதுதானே."

செடியை விட்டுவைத்தேன். உதிரும் பூவை யாரும் பறிப்பதில்லை. அதனால்தான் இன்று காய்.

தெரிந்ததையெல்லாம் சொல்லிவிடாமல் இருக்க உன்னைப் பார்த்துத்தான் கற்றேன். எனக்கு இன்னும் முழுசாகக் கைவரவில்லை. போன வாரம் எதிர்வீட்டுப் பெண் என்னிடம் வந்து, "ஆன்ட்டி, அப்பா இறந்த பிறகும் அவரோட போனை அம்மா தினம் சார்ஜ் போட்டு வைக்கிறாங்க. நீங்க சொன்னா கேப்பாங்க" என்றாள். சொல்லவேண்டியதை மனதில் அடுக்கிக்கொண்டுதான் போனேன். அந்த அம்மா போனைப் புடவைத் தலைப்பால் துடைத்தபடி, "யாராச்சும் கூப்பிட்டா எடுக்கணும்ல?" என்றார்.

உன்னை நினைத்துக்கொண்டேன்.

"சார்ஜ் நிக்குதாங்க?" என்று கேட்டேன்.

"எங்கங்க, மத்தியானத்துக்குள்ள இறங்கிடுது."

"எங்க வீட்ல நல்ல சார்ஜர் ஒண்ணு சும்மா கிடக்கு. எடுத்துட்டு வரேன்" என்று எழுந்தேன்.