கப்பற்கண்டுச் சாடியை உடைக்கச் சொன்ன ஓலை

மேல்குன்ற நாட்டில் அருவிகள் வற்றாதிருக்க, தினைப்புனங்கள் கதிர் முற்றித் தலைசாய, ஏழு மலைக்கும் உடையவராய்க் கோலோச்சும் கோமான் பொன்வரையர் திருமுன்னர், வெண்கரை நாட்டு அரச ஓலைகளை எழுதும் ஓலைநாயகம் வேட்டங்குடி நக்கன்காரி பணிந்து விடுக்கும் ஓலை. தங்கள் கோட்டைக்கும் குடிகளுக்கும், தங்கள் தேவியாராக அங்கு வாழ வந்த எங்கள் அரசர்மகள் அரும்பாவையாருக்கும் நலமே விளைக. இதற்குமேல் வாசிக்கும் முன், சென்ற ஆவணியில் இங்கிருந்து தேவியாருக்கு வந்த கப்பற்கண்டுச் சாடியை மடைப்பள்ளியிலிருந்து எடுப்பித்துவிட்டு, அதன்பின் மிச்சத்தை வாசிக்க வேண்டும்.

வெண்கரை வேந்தர் நெடுவேலருக்கு நீரிழிவு கண்டது தாங்கள் அறிந்ததே. அரண்மனை மருத்துவர் சாத்தங்கண்ணனார் கருப்பஞ்சாறு, வெல்லம், தேன், பனங்கற்கண்டு நான்கையும் ஒரே நாளில் நிறுத்தினார். இனிப்பில்லாத பால் மாட்டுக்குக்கூட ஆகாது என்று வேந்தர் கிண்ணத்தைத் தள்ளிவிட்டார். பாவம் மருத்துவர், அன்று முதல் இனிப்புக்கு மாற்றுத் தேடி அலைந்தார். முதலில் தம் முன்னோர் கையாண்ட அதிமதுர வேரைக் கொடுத்தார். ஒரு மாதத்தில் வேந்தரின் கால்கள் வீங்கி, நெஞ்சு படபடக்கத் தொடங்கவே, வேரைக் குறைத்தார். பிறகு தங்கள் மலையிலிருந்து வந்த இனிப்பிலையைக் கொடுத்தார். அது கேடு செய்யவில்லை. ஆனால் நாக்கின் அடியில் கசக்கிறது என்று வேந்தர் துப்பிவிட்டார்.

அந்நேரம் பார்த்துத்தான் கப்பல்காரன் ஒருவன் வந்து தொலைந்தான். பின்னர் கப்பற்கண்டு என்று பெயர்பெற்ற, பால்போல் வெளுத்த கட்டி ஒன்றைக் காட்டி, இதில் கரும்பும் இல்லை, தேனும் இல்லை, நோயாளிக்கென்றே செய்தது என்று வாய் கூசாமல் சொன்னான். எதனால் செய்தது என்று சாத்தங்கண்ணனார் கேட்டதற்கு, அது தொழில் மறை என்றான். மருத்துவர் அதை நம்பவில்லை. சோதித்தே ஏற்பது என்று உறுதியாக நின்றார்.

எங்கள் சோதனைமுறை தாங்கள் இங்கே விருந்துண்டபோது கண்டதுதான். வேந்தர் உண்பதை உண்டுகாட்டிகள் எழுவரில் ஒருவர், நாளுக்கு ஒருவராக முறைவைத்து உண்பர். ஒரு நாழிகை கழித்தும் அவர் நலமாக இருந்தால் உணவு உள்ளே போகும். மூன்று மாதம் எழுவரும் அக்கண்டை உண்டனர், ஒருவருக்கும் தலைவலிகூட இல்லை. மருத்துவர் தீதில்லை என்று ஓலையில் எழுதிக் கையொப்பமிட்டார். மகப்பேற்றுக்குப் பின் தேவியாருக்கும் அதே நோய் கண்டது என்று கேட்டவுடன், சிறுவயது முதல் தம்மிடமே மருந்துண்டு வளர்ந்த பெண்ணாயிற்றே என்று, ஒரு சாடி நிறையத் தம் கையாலேயே நிரப்பி அனுப்பினார்.

ஐப்பசியில் வேந்தர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டார். ஈறுகளில் கருநீலக் கோடு படர்ந்தது. வலக்கை மணிக்கட்டிலிருந்து தொங்கிப்போயிற்று. உண்டுகாட்டிகளில் மூத்தவள் கொடிச்சி என்பாள் மருத்துவரிடம் வந்து, ஐயா, நாங்கள் ஏழு நாளைக்கு ஒருமுறை தின்றோம், அரசர் நாள்தோறும் தின்றார், இதை ஏன் யாரும் நினைக்கவில்லை என்று கேட்டாள்.  

அதைக் கேட்டதும் சாத்தங்கண்ணனார் வேந்தருக்கு எல்லாவற்றையும் நிறுத்தினார். தேவியாருக்கும் அன்றே ஆள் அனுப்பத் துடித்தார். அமைச்சர் கூடிய மந்திரச்சுற்றத்தார் தடுத்தனர். கேடு செய்தது அதிமதுரமோ, கண்டோ, நோயேதானோ என்று தெரியாமல், நாம் அனுப்பிய பரிசை நஞ்சு என்று நாமே சொன்னால் குன்றநாடு என்ன நினைக்கும், முதலில் உறுதி செய்க என்றனர். அவ்வாறு சொன்னவர்களுள் இதை எழுதும் நக்கன்காரியும் ஒருவன். அதை மறைத்து இவ்வோலையை எழுத அவனுக்கு மனம் வரவில்லை.

மருத்துவர் உறுதி செய்தார். வேந்தர் உண்டதைப்போல் மும்மடங்கு கண்டை நாள்தோறும் தாமே உண்டார். வேரையும் இலையையும் தொடவில்லை. நாற்பதாம் நாள் அவருடைய ஈறுகளிலும் அதே கோடு வந்தது, எழுத்தாணி கையிலிருந்து நழுவி விழுந்தது. பின்பு காவலில் வைத்து வினவியபோது, ஈயத்தைப் புளித்த காடியில் ஊறவைத்துக் காய்ச்சி எடுத்தது அது என்று கப்பல்காரன் ஒப்புக்கொண்டான். இதை ஐப்பசியிலேயே அவனிடம் கேட்டுப் பிடுங்கியிருக்கலாம். எங்களில் ஒருவருக்கும் அந்தப் புத்தி வரவில்லை.

செடியில் விளைந்ததை நல்லதென்றும் கையால் செய்ததைத் தீதென்றும் இனி யாரும் எழுதவேண்டாம், எவ்வளவு, எத்தனை நாள், எவர் உடம்பில் என்று கேட்டு எழுதுங்கள் என்கிறார் சாத்தங்கண்ணனார். சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறார். இந்த நஞ்சுக்கு முறிவு உண்டா என்று கேட்டதற்கு, தமக்குத் தெரிந்து இல்லை என்றார். வேந்தர் உயிரோடிருக்கிறார். மகள் பெயரைச் சொன்னால், யார் அது என்று கேட்கிறார்.

நாற்பது நாள் வீணாய்ப் போயிற்றே என்பதையே மருத்துவர் ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கிறார். அந்நாற்பது நாளும் தேவியார் அதை உண்டார்களா, அல்லது கடவுள் புண்ணியத்தில் சுவை பிடிக்காமல் ஒதுக்கிவிட்டார்களா என்று எங்களுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளாமல் மருத்துவர் கண் மூடமாட்டார்.

ஆகவே வேந்தருக்காக அரசு காக்கும் எங்கள் இளவரசர் முன்னிலையில் வெண்கரை நங்கூர முத்திரை பொறித்து விடுக்கும் வேண்டுகோளும் ஆணையும் இவை. சாடியை உடைத்து, ஆடுமாடு மேயாத இடத்தில் ஆழப் புதைக்க. வாங்கிச் சுவைத்தவர் எவராயினும் இன்றோடு நிறுத்துக. ஓலை கொணரும் குதிரைவீரன் தங்கள் வாயிலிலேயே காத்திருப்பான். மறுமொழி ஒரு வரியாயினும் போதும். அதைத் தங்கள் ஓலைநாயகம் எழுத வேண்டாம், அரும்பாவைத் தேவியார் தம் கையாலேயே எழுதி அனுப்புக.