மெஷின் நின்ற நேரம்

வியாழன் இரவு, லிந்துலை.

தேயிலை ஃபெக்டரியில் ரோலர் ஓடும் இரைச்சலில், மனதில் உள்ளதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டேதான் மோட்டார் பழுதுபார்ப்பேன். யாருக்கும் கேட்காது. இன்று திடீரென்று கரண்ட் போனது. "அம்மாகிட்ட சொல்லாமலே கட்டாருக்கு வேலைக்குப் போயிறணும்" என்ற என் குரல் மட்டும் எல்லோருக்கும் கேட்டது.

தூள் சலிக்கும் பெண்கள் சிரித்தார்கள். "தம்பி, எங்களையும் பெட்டியில போட்டுக்கிட்டுப் போங்க!"

அவர்களோடு வேலை செய்யும் அம்மா நிமிரவில்லை. இருட்டில் எந்தக் காம்பைப் பொறுக்கினாளோ!

வீட்டில் ரொட்டி வைத்தாள். "உப்பு சரியா இருக்காடா?" என்று மட்டும் கேட்டாள்.

தோட்டத்தை நடத்தும் துரையிடமே முகத்துக்கு நேராகக் குறை சொல்பவன் நான். "சரியா இருக்கும்மா" என்றேன். உப்பே இல்லை.

பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் அவளும் புரண்டுகொண்டிருக்கிறாள். இப்போது எந்த இரைச்சலும் இல்லை. மெல்லச் சொன்னாலே கேட்கும்.