மிருதுளா அரைக்கப்போகும் மிளகாய்

அன்புள்ள அம்மாவுக்கு, கீர்த்தனா எழுதுவது. புனேயில் நான் நலம். உங்கள் மூட்டுவலி தேவலையா? போனை எப்போதும் தங்கச்சி மிருதுளாதான் எடுக்கிறாள், நாம் பேசி முடிக்கும்வரை பக்கத்திலேயே நிற்கிறாள், அதனால்தான் கடிதம்.

காதலியை அடக்கி வைக்கும் பள்ளிக்கூடப் பையனைப் பற்றி வகுப்பில் படம் எடுக்கிறோம். அவன் எப்படிப் பேசுவான் என்று, நடிக்கிற தீபக்கையே யோசிக்கச் சொன்னேன். அந்தியூர்க்காரன். “எங்கிருக்கற அம்மணி? சுத்தி ஒரு போட்டோ எடுத்து அனுப்பு கண்ணு, பக்கத்துல யாருன்னு பாக்கோணும்” என்று கொஞ்சினான். எல்லோரும் கைதட்டினார்கள். நான் மட்டும் கைதட்டவில்லை.

பொங்கலுக்கு நான் வந்திருந்தபோது மிருதுளா நம் சமையலறையைச் சுற்றிச் சுற்றிப் போனில் போட்டோ எடுத்தாளே, கவனித்தீர்களா? கேட்டதற்கு, “சும்மாதானுங்க்கா” என்றாள்.

பொங்கலோடு காணாமல்போன தன் கொலுசைத் திருடியவர் மேல் ஆனைமலை மாசாணியம்மனிடம் மிளகாய் அரைத்து முறையிட வேண்டும் என்று அவள் அடம்பிடிப்பதாக நேற்று போனில் சொல்லிச் சிரித்தீர்கள். கூட்டிப்போங்கள். அவள் போன் வீட்டிலேயே இருக்கட்டும். அரைக்கும்போது அவளைத் திட்டாமல் பக்கத்தில் நில்லுங்கள்.

பருப்புப் பொடி தீர்ந்துவிட்டது. கொஞ்சம் அனுப்பினால் போதும், இங்கே நான் ஒருத்திதானே. வகுப்புக்கு நேரமாகிவிட்டது.

அம்மா, அந்தக் கொலுசு தவறி என் பெட்டியில்தான் வந்திருக்கிறது. போன வாரமே அவளிடம் சொல்லிவிட்டேன். அப்படியும் மிளகாய் அரைத்தே ஆக வேண்டும் என்கிறாள்.

கீர்த்தனா