மேடம் மூச்சு விட்ட இடம்

மார்ச் 3, செவ்வாய்

இரண்டாவது டேக்கிலேயே ஓகே! சவுண்டு இன்ஜினியர் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "அச்சு அசல் மேடம்மா நீ" என்றார். அவருக்கு நான் வைத்த பெயர் கொசு. ஹெட்போனில் காதோரம் ரீங்காரமிட்டுக்கொண்டே இருப்பார்.

இரண்டு வருஷமாக டிராக் பாடுகிறேன். இசையமைப்பாளர் போட்ட மெட்டை முதலில் நான் பாடி வைக்க வேண்டும். பிறகு பெரிய பாடகியான மேடம் வந்து, ஹெட்போனில் என்னைக் கேட்டுக் கற்றுக்கொண்டு, பாடிவிட்டுப் போவார். அதோடு என் குரலை அழித்துவிடுவார்கள். மேடம் எங்கே இழுப்பார், எங்கே குழைவார் என்று யோசித்து அப்படியே பாடி வைத்தால் அவருக்கு வேலை சுலபம். அதில் என்னை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. எழுதிக்கொள்கிறேன், என் டைரிதானே.

இன்னொன்று. டிவி பாட்டுப் போட்டிக்குத் தேர்வாகிவிட்டேன்!! அப்பாவுக்குப் போன் செய்தேன். அவர் லிஃப்ட் மெக்கானிக். ஏதோ ஒரு கட்டடத்தில் லிஃப்டின் தலைமேல் உட்கார்ந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தார். "அடி சக்கை!" என்று போட்ட சத்தம் எல்லா மாடிக்கும் கேட்டிருக்கும்.

ஏப்ரல் 12, ஞாயிறு

முதல் சுற்று. பாஸ். முகத்தில் பூசிய பவுடரைச் சுரண்டினால் ஒரு சுவருக்கு வெள்ளையடிக்கலாம். இனி என் குரலை யாரும் அழிக்க முடியாது. எனக்கென்று ஒரு பாட்டு வந்தே தீரும்.

மே 9, சனி

எழுதவே கை வரவில்லை.

மேடத்தின் மழைப் பாட்டைப் பாடினேன். நாடே பாடுகிற பாட்டு. ‘வருவாயா’ என்ற சொல்லில் ‘வரு’ என்று நிறுத்தி, சின்னதாக ஒரு மூச்சு விட்டு, ‘வாயா’ என்று மேடம் எடுப்பார். அந்த இடத்தில் எல்லாருக்கும் சிலிர்க்கும். நானும் அப்படியே மூச்சு விட்டேன். கைத்தட்டலில் அரங்கமே அதிர்ந்தது.

நடுவர் மட்டும் தட்டவில்லை. "ஒரு வார்த்தைய ஏம்மா ரெண்டா ஒடச்ச?" என்றார்.

"ஒரிஜினல்ல அப்படித்தான் சார் இருக்கு."

"தெரியும். அன்னைக்கு கீபோர்டு வாசிச்சதே நான்தான். மேடத்துக்கு நூத்திரெண்டு காய்ச்சல். மூச்சு பத்தல, விட்டுட்டாங்க. திரும்பப் பாட நேரமில்ல, அப்படியே வச்சுட்டோம். நீ நல்லாத்தானேம்மா இருக்க? உனக்கு எதுக்கு அவங்க காய்ச்சல்?"

எல்லாரும் சிரித்தார்கள். கேமரா என் மூஞ்சிக்கு நேரே. நானும் சிரிச்சேன், வேற என்ன பண்றது? பதினாலு வயசுலேர்ந்து அந்த மூச்சைப் பழகியிருக்கேன்! கண்ணாடி முன்னாடி நின்னு நின்னு! யாரோ ஒருத்தங்க காய்ச்சலை ஒன்பது வருஷமா பிராக்டீஸ் பண்ணியிருக்கேனே, என்னைவிட ஒரு பைத்தியம் இருக்குமா?

அடுத்த சுற்றுக்கு அனுப்பிவிட்டார்கள். போக வேண்டுமா?

மே 10, ஞாயிறு

அழுது முகம் வீங்கிக் கிடந்தேன். அம்மாவிடம் போய், "நான் பாடினா யாரு பாடற மாதிரிம்மா இருக்கு?" என்று கேட்டேன்.

"பாத்திரம் கழுவறப்போ நீ பாடற மாதிரி இருக்கு. டிவியில மட்டும் வேற யாரோ வந்துடறாங்க."

அம்மா பல் டாக்டரிடம் வரவேற்பில் இருக்கிறாள். நாள் முழுக்க வலியில் வருகிறவர்களைச் சமாளித்துப் பழகியதால், அழுகிறவர்களைக் கண்டால் கொஞ்சமும் அசரமாட்டாள். அடுத்த சுற்றுப் பாட்டின் வரிகளை எழுதச் சொன்னாள். "பாடாத. என்கிட்ட சண்டை போடற மாதிரி சொல்லு" என்றாள். சொன்னேன். எங்கே எனக்கு மூச்சு வாங்கியதோ அங்கெல்லாம் சிவப்புப் பென்சிலால் கோடு போட்டாள். மேடம் மூச்சு விடுகிற இடம் ஒன்றில்கூடக் கோடு விழவில்லை. ஒன்றில்கூட!

மே 21, வியாழன்

சிவப்புக் கோடு, சிவப்புக் கோடு, சிவப்புக் கோடு. அப்பா காதைப் பொத்திக்கொண்டு வேலைக்குப் போகிறார். போகும்போது அதே பாட்டை முணுமுணுக்கிறார், திருடர்.

ஜூன் 7, ஞாயிறு

வெளியேறிவிட்டேன். ஐந்தாம் இடம். மக்கள் ஓட்டில் போய்விட்டது.

ஆனால் பாடினேன்! கோடு போட்ட இடத்தில்தான் மூச்சு விட்டேன். கைத்தட்டல் போன தடவையில் பாதிகூட இல்லை. நடுவர் மட்டும் மேஜையைத் தட்டி, "இப்போதான்மா உன்னைப் பார்க்கறேன். வணக்கம்" என்றார். முதல் வரிசையில் அப்பா பொசுக்கென்று எழுந்து நின்று அவருக்கு வணக்கம் வைத்தார். மானம் போயிற்று. ஆனாலும் இன்றைக்கு என்னைப் போல் பெருமைப்பட்டவள் யாரும் இருக்க முடியாது.

ஜூலை 18, சனி

பேருந்தில் நான்கு பேர் செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். செருப்புக் கடைத் திறப்பு விழாவில் பாடக் கூப்பிட்டார்கள். போய் நின்றால், மழைப் பாட்டுதான் வேண்டுமாம். "அந்த மூச்சு விடுவீங்களே, அதே மாதிரி." முடியாது என்றேன். கடைக்காரருக்கு முகம் சுண்டிவிட்டது. எனக்கென்ன?

ஆகஸ்ட் 29, சனி

எனக்கென்ன என்று எழுதியவள் நான்தானா? ஆறு வாரமாக ஒரு அழைப்பும் இல்லை.

செப்டம்பர் 15, செவ்வாய்

கொசு போன் செய்தார். மேடத்துக்கு ஒரு பாட்டு. டிராக் பாட வரமுடியுமா என்று.

டிவியில் வந்தவள் மறுபடி டிராக்கா? பார்க்கிறவர்கள் என்ன சொல்வார்கள்? போனை வைத்துவிட்டு வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடந்தேன். "பிடிக்கலன்னா போகாத. ஆனா இங்க நடந்து என் தரையத் தேய்க்காத" என்றாள் அம்மா.

போகிறேன். ஆனால் பழையவளாகப் போகமாட்டேன்.

செப்டம்பர் 17, வியாழன்

சரணத்தில் ஒரு நீளமான வரி. மேடமாக இருந்தால் தம் கட்டி ஒரே இழுப்பாக இழுத்துவிடுவார். அம்மாவிடம் சண்டை போடுகிற மாதிரி சொல்லிப் பார்த்தபோது, ‘நீ’ என்ற சொல்லுக்கு அப்புறம் மூச்சு வாங்கியது. அங்கேயே விட்டேன்.

இசையமைப்பாளர் பாட்டை நிறுத்தினார். "மேடம் அங்க விடமாட்டாங்களேம்மா."

"நான் விடுவேன் சார்."

சொல்லிவிட்டேன்! இசையமைப்பாளர் அந்த வரியை மறுபடி ஓடவிட்டுக் கேட்டார். "சரி, இருக்கட்டும். மேடம் வந்தா மாத்திக்குவாங்க" என்றார்.

மாற்றிக்கொள்ளட்டும். என் வேலையை நான் செய்துவிட்டேன்.

நவம்பர் 5, வியாழன்

பாட்டு இன்று வெளியானது. எனக்குத் தெரியவே தெரியாது. மதியம் அப்பா போன் செய்தார். கம்பெனி வேனில் ரேடியோ ஓடிக்கொண்டிருந்ததாம்.

"ஏம்மா, பாட்டு மேடம் பாடினதுதானே?"

"ஆமாப்பா."

"அப்போ நடுவுல நீ ஏன் மூச்சு விடற?"

உடனே போட்டுக் கேட்டேன். மேடத்தின் குரல். தங்கம் மாதிரி குரல், இல்லையென்று யார் சொல்வார்? சரணம் வந்தது. ‘நீ’. அப்புறம் ஒரு சின்ன மூச்சு. நான் விட்ட அதே இடம். அந்த இடத்தை மறுபடி போட்டுக் கேட்டேன்.

கொசுவைக் கூப்பிட்டுக் கேட்டேன். "அத ஏன் கேக்கற? அந்த இடத்த மூணு தடவ போடச் சொன்னாங்க. அப்புறம் நல்லாயிருக்குன்னு அப்படியே பாடிட்டாங்க. யார் டிராக்குன்னு கேட்டாங்க, சொன்னேன்."

"இதை ஏன் அண்ணே அன்னைக்கே சொல்லல?"

"சொன்னா உன் தலைக்கனம் கதவுக்குள்ள நுழையாது."

உண்மைதான். இப்போதே நுழையவில்லை.

நவம்பர் 6, வெள்ளி

பக்கத்து வீட்டுப் பெண் துணி உலர்த்திக்கொண்டே அந்தப் பாட்டைப் பாடினாள். ‘நீ’ சொல்லி மூச்சு விட்டாள். கடைசி வரி வரைக்கும் கேட்டுக்கொண்டு நின்றேன்.

ஜனவரி 9, சனி

காலையில் இசையமைப்பாளரே கூப்பிட்டார். புதுப் பாட்டு, மூன்று நிமிஷம், பெண் குரல் ஒன்றே ஒன்று. செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு வரச் சொன்னார். வழக்கம்போல, "மேடம் என்னைக்கு சார் வர்றாங்க? அவங்க சுருதியிலேயே டிராக் பாடி வச்சிடறேன்" என்றேன்.

"டிராக்கெல்லாம் வேண்டாம்மா" என்றார்.

எனக்குப் புரியவில்லை. டிராக் இல்லாமல் மேடம் எப்படிக் கற்றுக்கொள்வார் என்று கேட்டேன். அந்தப் பக்கம் சிரித்தார்.

"பாடப்போறதே நீதானேம்மா. உனக்கு யாரு டிராக் பாடறது?"

வரிகள் போனில் வந்துவிட்டன. தாளில் எழுதிவிட்டேன். அம்மா பென்சில் சீவிக்கொண்டிருக்கிறாள்.