பேய்க்குத்தான் என்று சொன்னேன்

அக்டோபர் 6, 2001, சனி

வைப்பர் மோட்டார் கிடைத்துவிட்டது. பழைய கார்களைப் பிரித்து விற்கும் இடத்தில் இருந்தவர், எந்த வண்டிக்கு என்று கேட்டார். வண்டிக்கு இல்லை, பேய்க்கு என்றேன். சிரித்துக்கொண்டே கழற்றிக் கொடுத்தார்.

தெருக் கூட்டத்தில், இந்த வருடம் ஹாலோவீன் பேய்த் திருவிழா வேண்டுமா என்றே அரை மணி நேரம் பேசினார்கள். நியூயார்க் இரட்டைக் கோபுரங்கள் விழுந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. எதிர் வீட்டு லிண்டாதான், குழந்தைகள் நிஜமாகப் பயந்தது போதும், கொஞ்சம் பொய்யாகப் பயப்படட்டும் என்றாள். வீட்டுக்கு ஒரு பொம்மை என்று முடிவானது. நான் கையைத் தூக்கிவிட்டேன். மோட்டாரில் பறக்கும் பேய்! கோயம்புத்தூரில் பம்ப் கம்பெனி டிசைன் செக்‌ஷனில் ஐந்து வருடம் இருந்தவள் நான். இங்கே வந்தும் ஐந்து வருடம். மனைவி விசாவில் வேலைக்குப் போக முடியாது. உனக்கு என்ன தெரியும் என்று ஒருவரும் கேட்டதில்லை.

இவருக்குப் பிடிக்கவில்லை. ஜெர்சி சிட்டி ஆபீஸ் ஜன்னலில் நின்று இரண்டும் விழுந்ததைப் பார்த்தவர். "நம்ம வீட்டு மேல ஒருத்தர் கண்ணும் படாம இருந்தாப் போதும் செல்வி" என்கிறார்.

அக்டோபர் 9, செவ்வாய்

மோட்டாரை கராஜ் உத்தரத்தில் மாட்டினேன். பன்னிரண்டு வோல்ட்டில் பேய் உடற்பயிற்சி செய்வதுபோல் துள்ளியது. பழைய கம்ப்யூட்டரின் பவர் சப்ளையில் இருந்து ஐந்து வோல்ட் எடுத்துக் கொடுத்ததும் அடங்கியது. சுழல்வது ஒரே ஒரு இரும்புக் கை. அதன் முனையிலிருந்து மூன்று மீன்பிடி நூல்கள், மூன்று வளையங்கள் வழியாக — தலைக்கு ஒன்று, மணிக்கட்டுகளுக்கு இரண்டு. ஒரு கை ஏறும்போது தலை குனிகிறது, மறு கை இறங்குகிறது. இப்போதைக்கு வெறும் ஹேங்கர் கம்பிதான். அதற்கே ரோஷினி, "அம்மா, இட்ஸ் ப்ரீதிங்!" என்று கத்தினாள்.

நாலு வீடு தள்ளி இருக்கும் ஷ்யாமளா தன் பெண் அதிதியோடு வந்து பார்த்தாள். அதிதியும் ரோஷினியும் ஒரே வகுப்பு. "உனக்குப் பயமாவே இல்லையா செல்வி?" என்று கேட்டாள். பேயைச் சொல்கிறாள் என்று நினைத்தேன்.

அக்டோபர் 13, சனி

நியூயார்க்குக்கு விஷத்தூள் வைத்து வந்த கடிதத்தில் ட்ரெண்டன் தபால் முத்திரையாம். ட்ரெண்டன் இங்கிருந்து அரை மணி நேரம். டிவியில் ஆந்த்ராக்ஸ், ஆந்த்ராக்ஸ் என்று அதே பேச்சு. தபால்பெட்டியைக் கையுறை போட்டுத் திறந்தேன். லைப்ரரி நோட்டீஸ் ஒன்றுதான். அதையும் வெளியிலேயே உதறிவிட்டு எடுத்து வந்தேன்.

அக்டோபர் 18, வியாழன்

தெர்மாகோல் தலையை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். ஒரே வெள்ளைத் தூள். மூச்சு முட்டியதால் மாஸ்க் கட்டிக்கொண்டு கராஜ் கதவைத் திறந்து வைத்தேன். மெல்லிய துணிக்குச் சோளமாவுக் கஞ்சி போட வேண்டும். டைமர் வாங்கியாயிற்று. ஆறு மணிக்குத் தானாக ஓடும், ஒன்பதுக்கு நிற்கும்.

அக்டோபர் 19, வெள்ளி

எழுத வரவில்லை.

காலை பதினொரு மணி. பெருக்கிக்கொண்டிருந்தேன். சத்தமே இல்லாமல் இரண்டு போலீஸ் கார். பின்னால் தீயணைப்பு வண்டி. துடைப்பத்தைக் கீழே போடு, கை தெரியட்டும், மாஸ்க்கை மெதுவாகக் கழற்று. எல்லாம் சத்தமாக. செவிடிக்குச் சொல்வதுபோல. ஒருவனின் கை இடுப்புத் துப்பாக்கி மேல் இருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இட் இஸ் எ கோஸ்ட்" என்றேன். வேறு என்ன சொல்வது? அவன் முகம் மாறவில்லை. இது என்ன ஒயர், எதற்கு டைமர், இந்தத் தூள் என்ன, வீட்டில் யார் யார், எந்த நாடு, எத்தனை வருடம். எனக்கு சோளமாவுக்கு இங்கிலீஷ் வார்த்தை மறந்துபோனது. எத்தனை தடவை கடையில் வாங்கியிருக்கேன்! மறந்தே போச்சு.

தலையிலிருந்து கால்வரை மூடிய உடையில் இரண்டு பேர் உள்ளே போனார்கள். என்னை நடைபாதையில் உட்காரவைத்தார்கள், இரண்டரை மணி நேரம். தெரு முழுக்க ஜன்னல்கள். எல்லாவற்றிலும் ஆள். மோட்டார், டைமர், மாவு டப்பா, தேய்த்த தலை — எல்லாவற்றையும் பையில் போட்டுக் கொண்டுபோனார்கள். யாரோ கவலைப்பட்டுப் போன் செய்தார்களாம். யார் என்று சொல்ல மாட்டார்களாம். எதிர் ஜன்னலில் லிண்டா நின்றாள். அவளேதான். வேறு யார்?

இவருக்குப் போன் செய்தேன். "என்ன பண்ணித் தொலைச்ச?" என்றார்.

அக்டோபர் 20, சனி

ரிசல்ட் வரும்வரை ஊரைவிட்டுப் போகக் கூடாதாம். இவர் மூன்று பாஸ்போர்ட்டையும் ஒரு பையில் போட்டு வாசல் அருகே வைத்திருக்கிறார். போலீஸ் கூட்டிக்கொண்டு போனால் கையோடு இருக்கட்டும் என்கிறார். யாரைக் கூட்டிக்கொண்டு?

அந்தத் தூளை ரோஷினியும் தொட்டாள். வெறும் தெர்மாகோல் என்று எனக்குத் தெரியும். நான்தான் தேய்த்தேன். இருந்தும் இரண்டு தடவை அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், ஜுரமா என்று. எனக்கே என் மேல் சந்தேகம் வருகிறதே!

அக்டோபர் 21, ஞாயிறு

யாரும் போன் செய்யவில்லை. யாரும்.

அக்டோபர் 24, புதன்

ஒன்றும் இல்லையாம். மாவு, தெர்மாகோல், அவ்வளவுதான். பொருள்களை வந்து வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள். இவர், "போகாத, விட்டுத் தள்ளு" என்றார். தனியாக டிரைவ் பண்ணிப் போனேன். சிவப்பு விளக்கில் நிற்கும்போதெல்லாம் கண்ணாடியில் பின்னால் பார்த்துக்கொண்டேன். மோட்டார் நல்லபடியாக இருக்கிறது. இரும்புக் கை வளைந்திருக்கிறது. தலை வரவில்லை, நானும் கேட்கவில்லை.

அக்டோபர் 28, ஞாயிறு

ஷ்யாமளா வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியிலேயே நின்றாள்.

"நான்தான் செல்வி போன் பண்ணினேன்."

"மாஸ்க் போட்டிருந்தேன், அதான் யாருன்னு தெரியலையா?" என்று நானே அவளுக்கு வழி எடுத்துக் கொடுத்தேன்.

"இல்ல. நீதான்னு தெரிஞ்சுதான் பண்ணினேன். அதுக்கு முந்தின வாரம் பெட்ரோல் போடற கேஸ் ஸ்டேஷன்ல ஒருத்தன் எங்க வீட்டுக்காரர் காரை மறிச்சுக் கத்தினான். நாளைக்கு உங்க வீட்ல ஏதாவதுன்னா எங்களையும்தானே கேப்பாங்க? நாங்க முன்னாடியே சொல்லிட்டோம்னு இருக்கட்டும்னு…"

"அது பொம்மைன்னு கண்ணால பார்த்தியே ஷ்யாமளா."

"பார்த்தேன். ஆனா அந்தத் தூளைப் பார்த்ததும் ஒண்ணும் யோசிக்கவே முடியல."

நான் கதவை மூடிவிட்டேன். அறைந்து சாத்தவில்லை, மெதுவாகத்தான் மூடினேன். ஒன்பது நாளாக லிண்டாவைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தேன்.

அக்டோபர் 31, புதன்

பறக்க விட்டேன். இவர் வேண்டாம் என்றார், ரோஷினியும் வேண்டாம் என்றாள். "வில் தே கம் அகெய்ன், அம்மா?" ஆனால் இன்று பறக்க விடாமல் இருந்தால் அப்புறம் எதற்குமே கையைத் தூக்க மாட்டேன் என்று தோன்றியது.

வளைந்த கையை நிமிர்த்தினேன். புதுத் தலை. முன் மரத்தில் மாட்டி, ஊதா விளக்கைக் கீழே வைத்தேன். டைமர் போடவில்லை. மூன்று மணி நேரமும் ஸ்விட்சில் கை வைத்து நானே நின்றேன். ஏழரைக்கு சைரன் கேட்டது. அணைத்துவிட்டேன். தெருத்தெருவாக மிட்டாய் கொடுத்து வரும் தீயணைப்பு வண்டி. ஒரு கையைத் தூக்கியபடி பேய் நடுவானில் நின்றது. குழந்தைகள் இன்னும், இன்னும் என்று கத்தினார்கள். லிண்டா பக்கத்தில் வந்து நின்றாள். அன்றைக்கே வெளியே வந்து பேசியிருக்க வேண்டும், பயந்துவிட்டேன் என்றாள். ஸ்விட்சைப் போட்டேன்.

அதிதி வரவில்லை.

நவம்பர் 16, வெள்ளி

இவரைக் கூட்டிவரப் பிரின்ஸ்டன் ஜங்ஷன் போயிருந்தேன். ரயில் தாமதம். தாடி வைத்த ஒருவன் தோள்பையை பெஞ்சுக்கு அடியில் தள்ளி வைத்துவிட்டுப் படியிறங்கிப் போனான். ஐந்து நிமிடம் ஆயிற்று, வரவில்லை. பையைச் சுற்றி ஆட்கள். நம் பக்கத்து முகம்தான். அதனால்தான் எனக்குச் சந்தேகம் வந்ததா? பொது போனிடம் போனேன். போலீஸுக்கு 911. ஒன்பது அழுத்தினேன். ஒன்று அழுத்தினேன்.

படியேறி வந்தான். தோளில் தூங்கும் குழந்தை, பின்னால் களைத்துப்போன மனைவி. பையைத் திறந்து ஒரு துணியை எடுத்துக் குழந்தையின் வாயைத் துடைத்தான். ரயில் லேட்டா என்று என்னைக் கேட்டான். ஆமாம் என்றேன். ரிசீவர் இன்னும் என் கையில் இருந்தது.

இவரிடம் சொல்லவில்லை. வண்டியை இவர்தான் ஓட்டினார். தெருவுக்குள் திரும்பியதும் ஷ்யாமளா வீட்டு முன்னால் நிறுத்தச் சொன்னேன். "எதுக்கு?" என்றார். நீங்க போங்க, நடந்து வந்துடறேன் என்றேன்.

ஷ்யாமளா கதவைப் பாதிதான் திறந்தாள். சண்டைக்கு வந்திருக்கிறேன் என்று நினைத்திருப்பாள்.

"உள்ள வரட்டுமா?" என்று கேட்டேன்.