மூலையில் படுக்கும் புது ஆள்

செவ்வாய், 3. விடாத மழை.
விளக்கமறியல் சிறையில் என் வீட்டுக்காரரைப் பார்க்கப் போனது: நானும் கொழுந்தன் சிவாவும். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் இவர், ஒரு காவலர். வேறு யாரும் இல்லை. லொறி விபத்து வழக்கு, இன்னும் பிணை இல்லை. லிந்துலையிலிருந்து முதல் பஸ். குடை பஸ்ஸிலேயே போயிற்று.

இவருடைய கூடத்தில் இன்னொருவருக்கும் காசநோயாம். மூன்றாவது ஆள். இவருக்கோ சர்க்கரை வியாதி, சீக்கிரம் தொற்றிக்கொள்ளும்.

"பயப்படாத. புதுசா வர்றவன்தான் கக்கூஸ் மூலையில படுக்கணும். ஒருத்தன் வெளிய போனா மத்தவங்க ஒரு பாய் தள்ளிப் படுப்போம். நான் இப்ப ஜன்னலோரம்," என்றார் இவர்.
"பிரமோஷனுன்னு சொல்லுங்கண்ணே," என்றான் சிவா. காவலர்கூடச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வேறு கூடத்துக்கு மாற்றச் சொல்லி வக்கீலிடம் போன மாதமே கேட்டாயிற்று. பதில் இல்லை.

புதன், 4. பனிமூட்டம். துணி காயவில்லை.
முருகனுக்கு விளக்கேற்றிவிட்டு, சமையலறைத் தரையில் அந்தக் கூடத்தைப் போட்டுப் பார்த்தேன். ஆளுக்கு ஒரு கடலை. நோய் வந்தவருக்கு வத்தல் மிளகாய். அவர் சொன்ன மாதிரியே ஒவ்வொன்றாகத் தள்ளினேன். எந்தப் பக்கம் தள்ளினாலும் மிளகாய் அந்தக் கக்கூஸ் மூலையிலிருந்துதான் கிளம்புகிறது. காற்று வராத மூலை. எங்கெங்கிருந்தோ வருகிறவர்கள் முதலில் மூச்சு விடுவதும் அங்கேதான்.
"என்ன அண்ணி, பல்லாங்குழியா?" சிவா.
அடுத்த கடலையைத் தள்ளினேன்.

வெள்ளி, 6. கொஞ்சம் வெயில்.
வக்கீல் போன். "அம்மா, நீங்க கேட்டது கெடைச்சிருச்சு. திங்கக்கிழமை கூடம் மாத்துறாங்க."
கோயிலுக்கு ஓடினேன். தேங்காய் உடைத்துத் திரும்பும் வழியில்தான் உறைத்தது. அங்கே இவர் புது ஆள். மறுபடியும் மூலை. என் வாயால் கேட்டு வாங்கியது. வக்கீலுக்குப் போன் போட்டேன், அவர் எடுக்கவில்லை.

சனி, 7. மழை.
தனியாகப் போனேன். பேச்சுக்கு நடுவே இருமினார்.
"எத்தன நாளாங்க?"
"தூசிம்மா. நீ சாப்பிட்டியா?"
சட்டை தொளதொளவென்று கிடக்கிறது.
வீட்டுக்கு வந்து அவருடைய கடலையை எடுத்துவிட்டு மிளகாய் வைக்கப் போனேன். கை வரவில்லை. பிறகு வைத்தேன். புதுக் கூடத்து மூலையில். கக்கூஸுக்கு அதைத் தாண்டிப் போக வேண்டிய கடலைகளைப் பார்த்தேன். அவர்கள் வீட்டிலும் யாரோ விளக்கேற்றுகிறார்கள். மேற்கொண்டு தள்ளிப் பார்க்க மனமில்லை, கூட்டி அள்ளிவிட்டேன்.
முருகா, எங்கே வைத்தாலும் தப்பாகவே வருகிறதே.

ஞாயிறு, 8. மழை. உலை வைக்கவில்லை.
வக்கீல் இன்னும் போனை எடுக்கவில்லை. செய்தி அனுப்பினேன்: "ஐயா, நாளைக்கு அவரை மாற்ற வேண்டாம். முதலில் சளி பரிசோதிக்கச் சொல்லுங்கள். இருமுகிறார். தயவுசெய்து இன்றைக்கே பதில் சொல்லுங்கள்."