நான் போடாத கையெழுத்து

அன்புள்ள நெர்மின் அக்கா,

உங்கள் புத்தகம் போன வாரம் கீரமங்கலத்துக்கு வந்து சேர்ந்தது. நீங்கள் கண்மூடி ஐந்து மாதம் கழித்து அச்சாகியிருக்கிறது. உங்கள் தம்பிதான் அனுப்பியிருந்தார்.

துருக்கியில் ஒரு ராணுவ அதிகாரிக்கு மகளாகப் பிறந்தவர் நீங்கள். ராணுவம் மக்கள் தேர்ந்தெடுத்த அரசுக்குக் கட்டுப்பட வேண்டும் என்பதையே உங்கள் ஆராய்ச்சியாக எடுத்துக்கொண்டீர்கள். அதற்காக உங்கள் அப்பா கடைசிவரை உங்களோடு பேசவில்லை.

டெல்லியில் நாம் ஒரே அறையில் இருந்து படித்த காலத்தில் பொங்கலுக்கு எங்கள் வீட்டுக்கு வந்தீர்கள். ஹவில்தாராக இருந்து ரிட்டயரான என் அப்பாவையும் விடவில்லை. அவருடைய கர்னலுக்கு மேலே யார், அவருக்கும் மேலே யார் என்று கேட்டுக்கொண்டே போனீர்கள். "மேல போயிக்கிட்டே இருந்தா கடைசியில நம்ம ஓட்டுதான் நிக்கும்னு சொல்லும்மா" என்றார் அப்பா. நான் அதை இங்கிலீஷில் சொன்னதும் எழுந்துபோய் அவர் கையைப் பிடித்துக்கொண்டீர்கள்.

ஊர் திரும்பிப் பேராசிரியரானீர்கள். ராணுவச் செலவை நாடாளுமன்றம் கேள்வி கேட்க வேண்டும் என்று எழுதினீர்கள். ஒரு கட்டுரையோடு வேலை போனது, பாஸ்போர்ட்டும் போனது.

உங்களுக்காகப் பல நாட்டு ஆய்வாளர்கள் கையெழுத்திட்ட கடிதம், நானும் கையெழுத்துப் போடக் கேட்டு, எனக்கும் மெயிலில் வந்தது. புதுக்கோட்டைக் கல்லூரியில் என் வேலை நிரந்தரமாகப் போகிற சமயம். யாரும் என்னை மிரட்டவில்லை அக்கா. நானாகவே பயந்தேன்.

பிறகு நீங்கள் போனில் கேட்டபோது, மெயிலே வரவில்லை என்று சொன்னேன். "அதனால என்ன, அப்பா முழங்கால் வலி எப்படி இருக்கு?" என்றீர்கள்.

வீட்டிலிருந்தே மொழிபெயர்த்துப் பிழைத்து, நோயோடு இந்தப் புத்தகத்தை முடித்திருக்கிறீர்கள். நன்றிப் பக்கத்தில் என் பெயர். கடிதம் வந்து சேர்ந்திருந்தால் முதல் கையெழுத்து இவளுடையதாக இருந்திருக்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். நம்பித்தான் எழுதினீர்களா? தெரிந்தே எழுதினீர்களா?

அப்பா அந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டச் சொன்னார்.

"அந்தப் புள்ளைக்கு நம்மளால ஒன்னும் செய்ய முடியாமப் போச்சேம்மா."

"முடிஞ்சிருக்கும்ப்பா. மெயில் வந்துச்சு. நாந்தான் போடல."

அவர் எழுந்து வெளியே போய்விட்டார். அன்று என்னோடு சாப்பிட உட்காரவில்லை.

உங்கள் தம்பிக்கு உண்மையை எழுதிவிட்டேன். அடுத்த பதிப்பில் அந்த வரியை எடுத்துவிடச் சொல்லியிருக்கிறேன். திங்கள்கிழமை வகுப்பில் உங்கள் புத்தகத்தைத் தொடங்குகிறேன். உங்களுக்கு வேலை போனது எப்படி என்று பிள்ளைகள் கேட்பார்கள். அப்போது நான் என்ன செய்தேன் என்பதையும் மறைக்காமல் சொல்வேன் அக்கா.

அப்படிச் சொல்லிக்கொள்ள இன்னும் எனக்கு உரிமை இருந்தால்,
உங்கள் தங்கை
செல்வராணி